பூசானில் இரண்டு மூன்று நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில ஆண்டுகள் தென்கொரியாவின் உல்சானில் வேலை பார்த்தேன். அங்கிருந்து துறைமுக நகரமான பூசானுக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான். சனிக்கிழமை காலை முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் ஞாயிறு இரவு திரும்புவேன். பிறகு நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள், அலுவலக வேலையாகக் கொரியா வருகிறவர்கள் என்று ஆளாளுக்கு ஒரே கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் செய்தி அனுப்பி அலுத்துவிட்டது. அதனால்தான் இந்தப் பக்கம்.

இரண்டு நாள் போதுமா?

போதும், ஊரின் வடிவத்தைப் புரிந்துகொண்டு போனால். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே கடற்கரையில்தானே இருக்கிறது, நடந்தே முடித்துவிடலாம்" என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு.

பூசான் என்ற பெயருக்கே கொப்பரை மலை என்று பொருள். ஊருக்கு நடுவே மலைகள். அவற்றுக்கு இடையில் கிடைத்த பள்ளத்தாக்குகளிலும் கடலோரத் துண்டுகளிலும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். கிழக்கே ஹேயுண்டே கடற்கரை, மேற்கே ஜகல்ச்சி மீன் சந்தை. இரண்டுக்கும் நடுவே மெட்ரோவில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. காலையில் கடலோரக் கோயில், மதியம் கம்ச்சொன் வண்ண வீடுகள், மாலையில் மறுபடி ஹேயுண்டே என்று திட்டம் போட்டால் பாதி நாளைச் சுரங்கத்துக்குள்தான் கழிப்பீர்கள்.

ஆகவே ஒரு நாளைக்கு ஒரு பக்கம். முதல் நாள் கிழக்கு, மறுநாள் மேற்கு. மூன்றாம் நாள் இருந்தால் யொங்டோ தீவு அல்லது கிம்ஹே. என் மொத்தத் திட்டமும் இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் இதற்கு விளக்கம்.

சியோலிலிருந்து எப்படிப் போவது?

கேடிஎக்ஸ் அதிவேக ரயில். சியோல் நிலையத்திலிருந்து பூசான் நிலையம் வரை சுமார் இரண்டரை மணி நேரம், சாதாரண வகுப்புக்கு 60,000 வொன்னை ஒட்டி வரும். நீங்கள் சியோலின் தென்பகுதியில், கங்நம் பக்கம் தங்கியிருந்தால் சூசொ நிலையத்திலிருந்து எஸ்ஆர்டி ரயில் பிடிப்பது சுலபம், விலையும் சற்றுக் குறைவு.

வெள்ளி மாலை தெற்கே போகும் ரயிலும் ஞாயிறு மாலை வடக்கே திரும்பும் ரயிலும் முன்னதாகவே நிரம்பிவிடும். சொல்லால், சுசொக் என்ற இரண்டு பெரிய பண்டிகைகளின்போது நம் ஊர் தீபாவளிக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் டிக்கெட்டும் கிடைக்காது, பாதிக் கடைகளும் திறந்திருக்காது.

ஒரு விசித்திரம்: கேடிஎக்ஸ் நடைமேடைக்குப் போக எந்தத் தடுப்புக் கதவும் இல்லை. டிக்கெட்டை யாரிடம் காட்டுவது என்று தேடிக்கொண்டு நிற்காதீர்கள். நேராகப் போய் உங்கள் இருக்கையில் உட்காருங்கள். நடத்துநர் கையில் உள்ள கருவியில் காலி இருக்கைகள் தெரியும். விற்காத இருக்கையில் யாராவது உட்கார்ந்திருந்தால் மட்டும் வந்து கேட்பார்.

ஒரே நாளில் போய்த் திரும்பலாமா?

முடியும், அதிகாலை ரயிலும் இரவு ரயிலும் இருக்கின்றன. ஆனால் பூசானின் அழகு விளக்கு ஏற்றிய பிறகுதான் தொடங்குகிறது. ஒரு இரவாவது தங்குங்கள்.

நேராகப் பூசானுக்கே விமானம் உண்டா?

சென்னையிலிருந்து நேரடியாக இல்லை. சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானம் உண்டு. அங்கிருக்கும் தமிழர்களுக்கு இது வசதி, நம்மில் பலருக்கும் அங்கே மாறிப் போவது ஒரு நல்ல வழி. முடிந்தால் பூசானில் இறங்கி சியோலில் ஏறுங்கள். ரயில் கட்டணம் ஒரு வழி மிச்சம், போன வழியிலேயே திரும்பும் சலிப்பும் இல்லை.

விமான நிலையத்தின் பெயர் கிம்ஹே. வாசலிலேயே ஓட்டுநர் இல்லாத சிறிய ரயில் ஒன்று ஓடும். அதில் ஏறி சாசாங்கில் இறங்கி, மெட்ரோவின் 2ஆம் தடத்துக்கு மாறினால் சொம்யொன், குவாங்கல்லி, ஹேயுண்டே எல்லாம் அதே தடத்தில் வரும்.

விசா?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். சென்னையில் கொரியத் துணைத் தூதரகம் இருப்பதால் தமிழ்நாட்டுக்காரர்கள் டெல்லியை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், வேலைச் சான்று, பயணத் திட்டம் ஆகியவை வழக்கமாகக் கேட்பவை. பட்டியல் அவ்வப்போது மாறும், விண்ணப்பிக்கும் வாரத்தில் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விசா கைக்கு வரும் முன் பணம் திரும்பாத விடுதியைப் பதிவு செய்யாதீர்கள். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை. ஆனால் கே-இடிஏ என்ற இணைய அனுமதி வேண்டுமா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எந்த மாதம் நல்லது?

அக்டோபர். கேள்வியே இல்லை. வானம் கழுவிவிட்டதுபோல இருக்கும், ஒரே நாளில் கடலும் மலையும் சுற்ற உடம்பு தாங்கும். அடுத்தது ஏப்ரல், மே. மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரத்துக்குள் செர்ரிப் பூக்கள் பூத்து உதிர்ந்துவிடும்.

ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முழுவதும் ஏறக்குறைய மழைக்காலம். ஆகஸ்டில் வெயிலும் புழுக்கமும் சென்னையை நினைவூட்டும். அதற்காக யாரும் அவ்வளவு செலவு செய்து போக மாட்டார்கள். ஆகஸ்டு, செப்டம்பரில் புயல் அபாயமும் உண்டு. குளிர்காலத்தில் பூசான் சியோலைவிட எவ்வளவோ மேல். பனி விழுவதே அபூர்வம். ஆனால் கடற்காற்று காதுக்குள் ஊசி குத்தும், தொப்பி மறக்காதீர்கள்.

இலையுதிர் காலத்தில் பூசான் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கும், 1996 முதல் நடக்கிறது. அந்த வாரமும், குவாங்கல்லியில் வாணவேடிக்கை விழா நடக்கும் நாளும் விடுதி வாடகை எகிறும். சினிமாப் பைத்தியமாக இருந்தால் அதற்காகவே போங்கள், இல்லையென்றால் தவிர்த்துவிடுங்கள்.

எந்தப் பகுதியில் தங்கலாம்?

எல்லோரும் ஹேயுண்டே என்பார்கள். கடலைப் பார்த்த அறை வேண்டும், குழந்தைகள் மணலில் விளையாட வேண்டும் என்றால் சரிதான். ஆனால் விலை அதிகம், மேற்குப் பக்கம் ரொம்பத் தூரம்.

ஒரே இரவு என்றால் சொம்யொன். 1ஆம் தடமும் 2ஆம் தடமும் சந்திக்கும் இடம், எங்கு போவதென்றாலும் பாதி வழி கடந்தாயிற்று. அழகான இடமில்லை, கடையும் விளக்குப் பலகையும் இரைச்சலும்தான். இரண்டு இரவு என்றால் என் ஓட்டு குவாங்கல்லிக்கு. இரவு சாப்பிட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய், எதிரே குவாங்கான் பாலம் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். 2003இல் திறந்த பாலம், அணுகு சாலைகளோடு சேர்த்து ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளம். சனிக்கிழமை இரவுகளில் அதன் முன்னால் நூற்றுக்கணக்கான டிரோன்களைப் பறக்கவிட்டு வானத்தில் படம் போடுகிறார்கள். காற்று பலமாக அடித்தால் ரத்து. அதனால் உங்கள் சனிக்கிழமை குவாங்கல்லியில் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

கிழக்குப் பக்கத்துக்கு ஒரு நாள்: எதில் தொடங்குவது?

காலை ஏழு, ஏழரைக்கு ஹேடொங் யோங்குங்சா கோயில். கொரியாவில் புத்த கோயில்கள் பெரும்பாலும் மலைக்காட்டுக்குள் இருக்கும். இது பாறை மேல், அலை தெறிக்கும் தூரத்தில். 1376இல் நாஒங் என்ற துறவி நிறுவியதாகச் சொல்கிறார்கள். 1592 ஜப்பானியப் படையெடுப்பில் அழிந்து, 1930களில் மீண்டும் கட்டியது. நுழைவுக் கட்டணம் இல்லை. ஹேயுண்டேயிலிருந்து 181ஆம் எண் பேருந்து போகும். தொங்ஹே ரயில் தடத்தில் ஒசிரியா நிலையத்தில் இறங்கி டாக்சி பிடித்தால் சில நிமிடம்.

வாசலில் பன்னிரண்டு ராசி மிருகங்களின் சிலைகள் வரிசையாக நிற்கும். அடுத்து, சாலை விபத்து நேராமல் காக்க வேண்டி எழுப்பிய ஒரு கோபுரம், அதன் அடியில் ஒரு டயர். புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்கும் ஊரிலிருந்து வந்த எனக்கு இதைப் பார்த்ததும் சிரிப்பும் சொந்தமும் ஒன்றாக வந்தன. அங்கிருந்து 108 படி இறங்க வேண்டும். நடுவில் ஒரு குட்டித் தொப்பைப் புத்தர். ஆண் குழந்தை வேண்டி வந்தவர்கள் தடவித் தடவி அவர் வயிறு கறுத்துப் பளபளக்கும். பத்து மணிக்குப் பிறகு சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிட்டால் படியில் நிற்கக்கூட இடமில்லை.

அடுத்து சோங்ஜொங் வந்து, அங்கிருந்து கடலோர ரயிலில் மிப்போ வரை வரலாம். பழைய ரயில் தடம் உள்நாட்டுப் பக்கம் மாறிப்போனதும், விட்டுப்போன தண்டவாளத்தை 2020இல் சுற்றுலாத் தடமாக்கினார்கள். 4.8 கிலோமீட்டர். இருக்கைகள் எல்லாம் கடலைப் பார்த்தே போட்டிருக்கும். நடுவில் சொங்சாப்போவில் இறங்குங்கள். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என இரண்டு கலங்கரை விளக்கங்கள், சிப்பியைக் கரி அடுப்பில் சுடும் கடைகள், வலை உலர்த்தும் கிழவர்கள். ஹேயுண்டே மணலைவிட எனக்கு இந்த மீனவக் குப்பம் பிடிக்கும்.

மாலையில் மிப்போவில் இறங்கி ஹேயுண்டே கடற்கரையை, ஒன்றரை கிலோமீட்டர், முழுவதும் நடந்துவிட்டுக் குவாங்கல்லி போய்ச் சேருங்கள்.

படங்களில் வரும் அந்த வண்ணக் குட்டிப் பெட்டி ரயில்?

ஸ்கை கேப்ஸ்யூல். மிப்போவுக்கும் சொங்சாப்போவுக்கும் நடுவே, தண்டவாளத்துக்கு மேலே உயரத்தில் நடைவேகத்தில் ஊர்ந்து போகும். நான்கு பேர் உட்காரலாம். தலைக்கு இவ்வளவு என்றில்லாமல் பெட்டிக்கு இவ்வளவு என்று கட்டணம், அதனால் குடும்பமாகப் போனால் கட்டுப்படியாகும், தனி ஆளுக்கு வீண். வார இறுதிக்கு இணையத்தில் முன்பதிவு செய்யாமல் போனால் கிடைக்காது. ஒரு வழிக்கு மட்டும் எடுங்கள். ரயிலோ கேப்ஸ்யூலோ எதுவும் வேண்டாம் என்றால் கீழே மரப்பலகை நடைபாதை இருக்கிறது, இலவசம்.

வானுயரக் கட்டடத்தின் நூறாவது மாடிக்கு ஏறலாமா?

ஹேயுண்டே ஓரத்தில் 411 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்றில் அந்த வசதி இருக்கிறது. நான் ஒருமுறை ஏறினேன், மறுமுறை ஏறவில்லை. அதே பணத்தில் நான்கு பேராக ஒரு டாக்சி பிடித்து இரவில் ஹ்வாங்ன்யொங் மலைக்குப் போங்கள். 427 மீட்டர், கட்டணமில்லை. இரண்டு பக்கமும் ஊர் கீழே ஒளிர, நடுவில் பாலம். குளிரும். திரும்பிவர வண்டி கிடைப்பது சில இரவுகளில் சிரமம், வந்த டாக்சியையே காத்திருக்கச் சொல்வது நல்லது.

மேற்குப் பக்கம் என்றால் கம்ச்சொன் மட்டும்தானா?

இல்லை. கம்ச்சொன்னை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் ஊரின் கதை தெரியாமலே திரும்பிவிடுவீர்கள்.

1950இல் கொரியப் போர் வெடித்து, வடகொரியப் படை நாட்டின் பெரும்பகுதியைப் பிடித்தபோது மிஞ்சிய மூலை பூசான். தலைநகரமே தற்காலிகமாக இங்கே வந்தது. லட்சக்கணக்கான அகதிகள் வந்து குவிந்தார்கள். சமநிலம் ஏற்கெனவே நிரம்பியிருந்ததால் மலைச்சரிவில் பலகையும் தகரமும் வைத்து வீடு கட்டினார்கள். இன்று நாம் படம் பிடிக்கிற வண்ண வீடுகள் அந்தக் குடியேற்றத்தின் மிச்சம். 2009இல் கலைஞர்களும் குடியிருப்பவர்களும் சேர்ந்து வண்ணமும் சிலைகளும் சேர்த்தார்கள்.

தோசொங் நிலையத்தில் இறங்கி, எதிரே வரும் குட்டிப் பேருந்தில் ஏறுங்கள். காய்கறிப் பையோடு பாட்டிமார்கள் ஏறுவார்கள். அந்தச் சரிவில் ஓட்டுநர் வளைக்கிற வளைவுக்கு ஊட்டி மலைப்பாதை தோற்றுவிடும், கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே குட்டி இளவரசன் சிலையோடு படம் எடுக்க நீண்ட வரிசை நிற்கும். அதில் நிற்காமல் படியிறங்கி உள் சந்துகளுக்குப் போங்கள். குரலைத் தாழ்த்திப் பேசுங்கள், அங்கே இப்போதும் ஆட்கள் வாழ்கிறார்கள். திறந்த சன்னலுக்குள் கேமராவை நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கம்ச்சொன்னிலிருந்து இறங்கிவரும் வழியில் அமிதொங் என்ற பகுதி இருக்கிறது. பலர் கவனிப்பதில்லை. ஜப்பானியர் ஆண்ட காலத்தில் அது அவர்களுடைய இடுகாடு. அகதிகளுக்கு வேறு இடமில்லை, கல்லறை மேலேயே வீடு கட்டினார்கள். கல்லறைக் கற்கள் அடித்தளமாயின, படிக்கட்டாயின. ஒரு வீட்டு வாசலில் சமையல் எரிவாயு உருளை நின்றது. அது நின்ற கல்லில் யாரோ ஒருவரின் பெயர், பாதி தேய்ந்த எழுத்தில். பக்கத்துக் கொடியில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. நான் அங்கே படம் எடுக்கவில்லை.

மதியம் நம்போ பக்கம் இறங்கிவிடுங்கள். சந்தைகள், பூசான் கோபுரம் எல்லாம் நடைதூரம். கடைத்தெருவில் சியாத் ஹோத்தொக் விற்பார்கள். மாவு உருண்டையைத் தட்டி எண்ணெயில் பொரித்து, கத்தரிக்கோலால் வாயைப் பிளந்து, சூரியகாந்தி விதை, பூசணி விதை, சர்க்கரை கலந்ததை ஒரு கரண்டி உள்ளே கொட்டி, காகிதக் கோப்பையில் செருகித் தருவார்கள். சர்க்கரை உள்ளே உருகிக் கொதித்துக்கொண்டிருக்கும். ஆவலில் கடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டவன் சொல்கிறேன், இரண்டு நிமிடம் பொறுங்கள்.

ஜகல்ச்சி சந்தையில் மீன் சாப்பிடுவது எப்படி?

கீழ்த்தளத்தில் தொட்டியில் நீந்தும் மீனைக் காட்டினால் பிடித்து அறுத்துத் தருவார்கள். மேல்மாடியில் உட்கார்ந்து சாப்பிடலாம், அதற்குத் தனிக் கட்டணம். விலையை எடைக்கா, உருப்படிக்கா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், கால்குலேட்டரில் தொகையை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். பச்சையாகச் சாப்பிடத் தயக்கமா? சுட்ட மீன் சாப்பாடு விற்கும் சின்னக் கடைகள் வெளியே தெருவிலேயே இருக்கின்றன, சோறும் குழம்பும் கூட வரும். நம் நாக்குக்கு அதுதான் ஒத்துவரும். மாதத்தின் முதல், மூன்றாம் செவ்வாயில் சந்தைக் கட்டடத்துக்கு விடுமுறை, தெருக் கடைகள் இருக்கும்.

விற்பவர்கள் பெரும்பாலும் நடுவயதுப் பெண்கள். ரப்பர் காலணி, ரப்பர் ஏப்ரன், எட்டூருக்குக் கேட்கும் குரல். "ஒஇசோ, பொஇசோ, சாஇசோ" என்பது அந்தச் சந்தையின் முழக்கம். வாங்க, பாருங்க, வாங்கிட்டுப் போங்க என்று பொருள். இந்தப் பக்கத்து வட்டார வழக்கே சண்டை போடுவதுபோல ஒலிக்கும். முதல்முறை என்னைத் திட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கூடுதலாக இரண்டு இறால் போட்டுக்கொண்டிருந்தார் அந்த அம்மா.

நான் சுத்த சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் விழிப்பு வேண்டும். இந்த ஊரில் மீன்சாறுதான் தண்ணீர் மாதிரி. காய்கறி மட்டும் மிதக்கும் சூப்பின் அடியிலும் காய்ந்த நெத்திலி கொதித்திருக்கும். கிம்ச்சியில் உப்பிட்ட இறாலோ மீன்சாறோ சேர்ப்பார்கள். "சேசிக்" என்றால் சைவம். ஆனால் அதைச் சொன்னால் பல கடைக்காரர்கள் இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டுப் புன்னகையோடு கொண்டுவந்து வைப்பார்கள்.

ஒருமுறை கிம்பாப் (கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறு) கடையில் "கோகி ப்பே ஜுசேயோ", அதாவது இறைச்சி வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். பாட்டி தலையாட்டிவிட்டு, ஏற்கெனவே சுருட்டி வைத்ததைப் பிரித்து, பன்றி இறைச்சிப் பட்டையை மட்டும் உருவி எடுத்துவிட்டு, மீன் அப்பளம் போன்ற பட்டையை அப்படியே விட்டு மறுபடி சுருட்டினார். அவரளவில் அது இறைச்சி இல்லை. அதன் பிறகு பட்டியலாகவே சொல்லப் பழகினேன்: இறைச்சி, மீன், முட்டை, மீன்சாறு. கொரிய மொழியில் யாரிடமாவது எழுதி வாங்கித் தொலைபேசியில் வைத்துக்கொண்டு காட்டுங்கள்.

நம்பிக்கையானவை: இறைச்சியும் முட்டையும் நீக்கிய பிபிம்பாப் என்ற காய்கறிக் கலவைச் சோறு (மேலே போடும் மிளகாய் விழுதிலும் சில கடைகளில் இறைச்சி இருக்கும், கேளுங்கள்), சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பழங்கள், மேலே சொன்ன ஹோத்தொக். ஹேயுண்டே பக்கமும் பல்கலைக்கழகங்களை ஒட்டியும் இந்திய உணவகங்கள் உண்டு. ஆனால் இட்லி தோசையை எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலும் நானும் பனீரும்தான். என் அம்மா வந்தபோது புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கொண்டுவந்தார். கடைகளில் நுண்ணலை அடுப்பில் சூடாக்கும் வெறும் சோற்றுக் கிண்ணம் கிடைக்கும். மூன்று நாளும் அவருக்குக் குறையே இல்லை.

அசைவக்காரர்கள் தவறவிடக் கூடாதது?

த்வேஜி குக்பாப். பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்த வெண்ணிறச் சாறில் சோறும் இறைச்சியும். பூசானின் தினசரிச் சாப்பாடு, சுமார் 10,000 வொன். உப்பு குறைவாக வரும், மேசையில் இருக்கும் உப்பிட்ட இறாலை நீங்களே சேர்க்க வேண்டும். வெயில் காலத்தில் மில்ம்யொன், ஐஸ் மிதக்கும் கோதுமை நூடுல்ஸ். வடக்கிலிருந்து வந்த அகதிகளுக்கு ஊர்ப்பழக்கமான மரக்கோதுமை (பக்வீட்) கிடைக்கவில்லை. அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவில் செய்து பார்த்தார்கள், அது இந்த ஊர் உணவாகிவிட்டது.

ஊருக்குள் சுற்ற என்ன வழி?

டி-மணி என்ற, பணம் ஏற்றிப் பயன்படுத்தும் பயண அட்டை. சியோலில் வாங்கியதே இங்கும் செல்லும். பெரும்பாலான கடைகளில் வங்கி அட்டை செல்லுபடியாகும், ஆனால் இந்த அட்டையில் பணம் ஏற்றப் பெரும்பாலும் ரொக்கம்தான் வேண்டும், கொஞ்சம் கையில் வைத்திருங்கள். மெட்ரோ ஒரு முறைக்கு சுமார் 1,600 வொன். பேருந்தில் ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் அட்டையைக் காட்டினால் அரை மணிக்குள் அடுத்த வண்டிக்குச் சலுகை. டாக்சி முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 4,800 வொன். மூன்று பேர் இருந்தால் குறுகிய தூரத்துக்கு டாக்சியே மேல்.

கூகுள் வரைபடத்தை நம்பி இறங்காதீர்கள், கொரியாவில் அது நடக்கும் வழியைச் சரியாகக் காட்டாது. நேவர் அல்லது காகாவோ வரைபடம் ஏற்றிக்கொள்ளுங்கள், இரண்டிலும் ஆங்கிலம் உண்டு. மெட்ரோவில் பெட்டி ஓரத்து இருக்கைகள் முதியோருக்கு. காலியாக இருந்தாலும் உட்காராதீர்கள்.

வயதான பெற்றோரை அழைத்துப் போகிறேன், சமாளிக்க முடியுமா?

கம்ச்சொன்னையும் யோங்குங்சாவையும் யோசித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டிலும் படிகள். கம்ச்சொன்னில் மேல் சாலையோடு நின்று பார்த்தாலே பாதிக் காட்சி கிடைத்துவிடும். கடலோர ரயில், குவாங்கல்லி, சோங்டோ கேபிள் கார் மூன்றும் முழங்காலுக்கு நல்லது. சோங்டோ 1913இல் திறந்த கடற்கரை, நாட்டின் முதல் பொதுக் குளியல் கடற்கரை. கேபிள் கார் கடலுக்கு மேல் 1.6 கிலோமீட்டர் போகிறது.

கடலில் குளிக்கலாமா?

ஜூலை, ஆகஸ்டில். காவலர்கள் இருக்கும் நேரத்தில் மட்டும். மற்ற மாதங்களில் கால் நனைப்பதோடு சரி.

பூசானில் தமிழரோடு தொடர்புடைய இடம் ஏதாவது?

இரண்டு உண்டு. ஒன்று வரலாறு, மற்றொன்று கதை.

வரலாறு: தேயொன் நிலையத்திலிருந்து கால் மணி நேர நடையில் ஐ.நா. நினைவு இடுகாடு. 1951இல் அமைத்தது, உலகில் ஐ.நா.வுக்கென்று இருக்கும் ஒரே இடுகாடு. பிரிட்டன், துருக்கி, கனடா, ஆஸ்திரேலியா எனப் பல நாட்டு வீரர்கள் இரண்டாயிரத்து முந்நூறு பேருக்கு மேல் இங்கே உறங்குகிறார்கள். கொரியப் போருக்கு இந்தியா துப்பாக்கி ஏந்திய படையை அனுப்பவில்லை, மருத்துவப் படையை அனுப்பியது. 1950 நவம்பரில் பூசான் துறைமுகத்தில் வந்து இறங்கிய அந்த 60ஆவது பாராசூட் மருத்துவப் படைக்குத் தலைமை ஏற்றவர், ஆற்காட்டைத் தன் பெயரிலேயே சுமந்த லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். அந்தப் பணிக்காக மகாவீர் சக்ரம் பெற்றார். துறைமுகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நவம்பர்க் குளிரில் இறங்கியவர்கள் ஞாபகம் வரும்.

கதை: விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரான கிம்ஹேயில், காயா நாட்டு மன்னர் சூரோவின் கல்லறையும் அரசி ஹொ ஹ்வாங்-ஒக்கின் கல்லறையும் இருக்கின்றன. கி.பி. 48இல் "அயுதா" என்ற நாட்டிலிருந்து கப்பலேறி வந்து மன்னரை மணந்தவள் அவள் என்று 13ஆம் நூற்றாண்டு நூலான சாம்குக் யுசா சொல்கிறது. அது அயோத்தி என்கிறார்கள் ஒரு சாரார். இல்லை, தென்கோடித் தமிழகத்து ஆய் நாடு என்கிறார்கள் நம்மவர்கள். கொரியாவில் "ஒம்மா", "ஆப்பா" என்று அழைப்பதையும் கூடவே சான்றாக நீட்டுவார்கள். அம்மா அப்பா ஒலி உலகின் பல மொழிகளில் இருக்கிறது, சம்பவம் நடந்து ஆயிரத்து இருநூறு ஆண்டு கழித்து எழுதிய நூல் இது. எனக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. ஆனால் போய்ப் பாருங்கள். அலையை அடக்கக் கப்பலில் கொண்டுவந்ததாகச் சொல்லும் செங்கல் நிறக் கற்கோபுரம் ஒன்று அரசியின் கல்லறை முன்னால் நிற்கிறது. சாசாங் போகும் அதே குட்டி ரயிலில் எதிர்த்திசையில் போனால் மன்னர் கல்லறைக்கென்றே ஒரு நிலையம் உண்டு.

மூன்றாம் நாளில் கியொங்ஜு போகலாமா?

பழைய சில்லா நாட்டுத் தலைநகரம், புல் போர்த்திய அரச கல்லறைகள் ஊர் நடுவே குன்றுகளாக நிற்கும். கேடிஎக்ஸில் அரை மணி, நோப்போ பேருந்து நிலையத்திலிருந்து ஒரு மணிக்குள். நான்கு நாள் இருந்தால் அவசியம் போங்கள். மூன்று நாள்தான் என்றால், நானாக இருந்தால் யொங்டோ தீவுக்குப் போவேன். போரில் பிரிந்த குடும்பங்கள் "யொங்டோ பாலத்தில் சந்திப்போம்" என்று சொல்லிக்கொண்டுதான் ஓடிவந்தார்களாம், பெயர் தெரிந்த இடம் அது ஒன்றுதான் என்பதால். 1934இல் கட்டிய அந்தத் தூக்குப் பாலத்தைச் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கால் மணி நேரம் தூக்கிக் காட்டுவது வழக்கம். போகும் வாரத்தில் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தீவின் கோடியில் தேஜோங்டே பாறைகள்.

கடைசி நாள் மாலை ரயில். பெட்டியை எங்கே வைப்பது?

பூசான் நிலையத்தில் பூட்டுப் பெட்டகங்கள் உண்டு, ஆனால் வார இறுதியில் முற்பகலுக்குள் பெரியவை நிரம்பிவிடும். விடுதியிலேயே விட்டுவைக்கக் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். நேரம் மிஞ்சினால் நிலையத்துக்கு எதிரே சாலையைக் கடந்து சோர்யாங் சந்துக்குள் போங்கள். செங்குத்தாக 168 படி. அகதிகள் கீழிருந்து தண்ணீர் சுமந்து ஏறிய படிகள். மேலே ஏறித் திரும்பினால் துறைமுகம், பாரம்தூக்கிகள், நீங்கள் ஏறப்போகும் ரயில் நிலையத்தின் கூரை எல்லாம் ஒரே பார்வையில். இறங்க எட்டு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், நடைமேடைக்கு இன்னும் பத்து.